ஐப்பசி ஈரத்திலும் காயும் கைவேலை: மலைவீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையோடு செய்ய முழுமையான வழிகாட்டி

காலாண்டு விடுமுறை தொடங்கி தீபாவளி முடியும்வரை எங்கள் கோத்தகிரி வீட்டுக் கூடத்தில் நாலைந்து பிள்ளைகளாவது இருப்பார்கள். பெரியவர்களுக்குப் பள்ளி விடுமுறை. அவர்கள் இடுப்பில் தூக்கி வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது. இரண்டாவது சீசன் நெரிசலில் ஊட்டிப் பக்கம் கூட்டிப்போக முடியாது, மழையில் வாசலிலும் விட முடியாது. இந்த வழிகாட்டி அந்தச் சின்னவர்களுக்காக.

கீழேயிருந்து மலைக்குக் குடிவந்த அம்மாக்கள் இதே வேலைகளைச் செய்துவிட்டு, "அக்கா, மூணு நாளாச்சு, இன்னும் பிசுபிசுன்னே இருக்கு" என்று தாளோடு வந்து நிற்பார்கள். அவர்கள் வாங்கிய பொருளில் குறை இருக்காது, வரிசையில்தான் இருக்கும். கோயம்புத்தூரில் முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் காயவைக்கலாம். இங்கே காய்ந்ததைத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டியது காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை.

மூன்று வேலைகள் சொல்கிறேன். மடித்த தாளுக்குள் இலையை ஒட்டி, எண்ணெய் தடவி வெளிச்சம் ஊடுருவும்படி செய்து ஜன்னலில் தொங்கவிடும் இலைத் தாளுக்கு ஒரு வாரம் பிடிக்கும், அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். புள்ளி வைத்த அகலுக்கு மூன்று நாள். பூவிதழ்த் தட்டுக்கு அரை மணி நேரம், அது அடைமழை நாளுக்கு.

1. பைன் காயைப் பார்த்து நாள் குறியுங்கள்

நன்றாக விரிந்த பைன் காய் ஒன்றை நூலில் கட்டி, மழைச்சாரல் படாத ஜன்னலோரம் தொங்கவிடுங்கள். காற்றில் ஈரம் ஏறினால் செதில்கள் மூடிக்கொள்ளும், ஈரம் இறங்கினால் விரியும். செதிலின் வெளிப்புற அடுக்கு உட்புறத்தைவிட அதிகமாக ஈரம் குடித்து நீளும். அதனால் செதில் உள்பக்கம் வளையும். காய் மரத்தை விட்டு விழுந்து எத்தனை மாதம் ஆனாலும் இது நடக்கும்.

காய் விரிந்திருக்கும் நாளில் பசை வேலை செய்யுங்கள். மூடியிருந்தால் அன்றைக்குப் பூவிதழ்த் தட்டு. வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெயில் அடிக்கிற மாதிரியே இருக்கும், பதினோரு மணிக்குப் பள்ளத்திலிருந்து மஞ்சு (மூடுபனி) ஏறி வந்து கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடாதீர்கள். கிண்ணத்துத் தண்ணீரில் காயைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் மூட ஆரம்பிக்கும். எடுத்து அடுப்படியில் வைத்தால் மறுநாள் விரிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வரும் ஒரு குட்டிப் பையன் அதை "தூங்குது", "முழிச்சிருச்சு" என்றுதான் சொல்வான். ஓரம் முள்ளாக இருக்கும் காய் வேண்டாம்.

ஜன்னல் தாள் தீபாவளிக்குத் தொங்க வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே இலை பொறுக்கிவிடுங்கள். பொறுக்கவும் தட்டையாக்கவும் நான்கு நாள், ஒட்டிக் காயவைக்க இரண்டு நாள், எண்ணெய்க்கு ஒரு நாள். மீதி மூன்று நாளை மழைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அது கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

2. பொறுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இந்த வேலைக்குச் சில்வர் ஓக் இலைதான் முதல் தேர்வு. தேயிலைத் தோட்டத்து நிழல் மரம், எங்கே பார்த்தாலும் உண்டு. இலை பெரணி போலப் பிளவுபட்டிருக்கும், அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு கிளையும் தனியாகத் தெரியும். பேரி மரம் இருக்கிற வீடு என்றால் அந்த இலையும் சரி.

தரையில் நொறுநொறுவென்று கிடப்பதை எடுக்காதீர்கள். அன்று விழுந்த, வளைத்தால் வளையும் இலையாக எடுங்கள். பழுத்து உலர்ந்தது பிள்ளை கையில் ஒரே பிடியில் பொடியாகும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பாப்பா ஐந்து இலையை அப்படிப் பொடியாக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று கை நீட்டினாள். கடைசியில் அந்தப் பொடியையே தாளில் தூவி ஒட்டினோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

தைலமரத்து இலை அழகாக இருக்கும், ஆனால் இந்த வயதுக்கு வேண்டாம். நீலகிரித் தைலம் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அது சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள், எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற பிள்ளையிடம் இலையையும் கொடுப்பதில்லை.

எங்கே பொறுக்குவது? சொந்த வாசல், தெரிந்தவர் தோட்டம், சாலையோரம். காப்புக் காட்டுக்குள் போகாதீர்கள், பூங்காவில் பறிக்காதீர்கள். தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் குனியுங்கள். அடித்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தால் திரும்பிவிடுங்கள். விடியற்காலையும் அந்தி நேரமும் காட்டெருமை நடமாடும் நேரம், பிள்ளையோடு அப்போது போக வேண்டாம். வீடு திரும்பியதும் கால் இடுக்கில் அட்டை இருக்கிறதா பாருங்கள், இலையை ஈரத்துணியால் துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். புதிதாகத் தொடுகிற பிள்ளைக்கு முதல் நாள் ஒரே ஓர் இலை கொடுத்துப் பாருங்கள்.

கூடைக்குள் வரவே கூடாதவை: குன்றிமணி, ஆமணக்குக் கொட்டை, அரளி, ஊமத்தை, உன்னிச்செடிக் காய். மலையில் இன்னொன்றும் உண்டு. வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய குழல் பூ, வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும். ஊமத்தைக்கு உறவுக்காரச் செடி, இலை, பூ, விதை எல்லாமே விஷம். பிள்ளைக்கு அதைத் தொப்பி போல மாட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பதறிப்போவேன். குன்றிமணியைப் பிள்ளையார் கண்ணுக்கு வைத்துப் பழகியதால் அது விஷம் என்பதே பலருக்கு மறந்துவிடுகிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அளவுக்கும் ஒரு சோதனை உண்டு. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கக்கூடியது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக்குழல் போதும். அது இன்னும் கொஞ்சம் அகலம், அதனால் பாதுகாப்பான பக்கம்தான். தேயிலைக் கொட்டை, தைலமரக் கொட்டை, சைப்ரஸ் காய் மூன்றும் உள்ளே போய்விடும். ஆகவே மூன்றும் பெரியவனுக்கு, அதுவும் தம்பி தூங்கிய பிறகு.

3. இலையைத் தட்டையாக்குங்கள் (பிள்ளை இல்லாமல்)

பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகளை ஒன்றோடொன்று படாமல் வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றுங்கள். தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் இலையிலிருந்து இறங்கிய ஈரம் அங்கேயே நின்று மூன்றாம் நாள் கறுத்துப் பூசணம் பிடிக்கும். கீழ்நாட்டில் இதை மறந்தாலும் இலை பிழைத்துக்கொள்ளும், இங்கே பிழைக்காது.

நான்கு நாள் பொறுமை இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டி. இரண்டு தாளுக்கு நடுவே இலை, நடுத்தரச் சூடு, நீராவி கூடாது. பத்து விநாடி அழுத்தி எடுத்து, ஆறவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஒரே மூச்சாக வைத்துத் தேய்த்தால் விளிம்பு சுருண்டு நிறம் செத்துவிடும்.

காய்ந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், குளிரில் விரல் ஏமாற்றும். கன்னத்தில் வையுங்கள். சில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் துணி மடிக்கும்போது செய்கிற அதே சோதனைதான்.

4. பசை காய்ச்சுங்கள்

கடைப்பசை வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், எப்படியும் அதில் பாதி வாய்க்குள் போகும்.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கரைசலை ஊற்றி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வரும்போது இறக்குங்கள். அந்தப் பளபளப்பு வராத பசை ஒட்டாது, பச்சை மாவு வயிற்றுக்கும் ஆகாது. ஆறும்போது இன்னும் கெட்டிப்படும், அதனால் அடுப்பில் இருக்கும்போதே கெட்டியாகக் காய்ச்சிவிடாதீர்கள்.

சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். வீட்டுப் பெரியவர் யாராவது "துளி துத்தம் போடு, ஒரு மாசம் கெடாது" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போடாமல் இருங்கள், துத்தம் விஷம். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, மிஞ்சியதைக் கொட்டிவிடுவதே நல்லது.

5. பிள்ளை உட்காரும் முன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்

இரண்டு வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பத்து நிமிடம் இருந்தால் பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் எழுந்து கத்தரிக்கோல் தேடப் போனால் திரும்பும்போது பசைக்கிண்ணம் தலையில் இருக்கும். இது நடந்த கதை, தலைமுடியில் காய்ந்த மைதாவைச் சீயக்காயால் எடுக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வெந்நீரில் ஊறவைத்தால் வரும்.

மேசை வேண்டாம், தரை போதும். கீழே கோரைப்பாய், அதன் மேல் பழைய போர்வை, அதன் மேல் பழைய வேட்டி. போர்வை குளிருக்கு, வேட்டி பசைக்கு. ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுங்கள். ஈரக்கம்பளி காய இரண்டு நாளாகும்.

பாயில் இருக்க வேண்டியவை: மடித்த ஏ4 தாள், இரண்டு இலை, ஒரு தட்டில் ஒரு கரண்டி பசை, ஈரத்துணி. அவ்வளவுதான். கிண்ணம் நிறைய பசை வைத்தால் கிண்ணம்தான் விளையாட்டுப் பொருள் ஆகும். நேரம், சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு. பசியோடு உட்காரவைத்தால் பசை சாப்பாடாகிவிடும்.

6. ஜன்னல் தாள்: ஒட்டுதல்

சாதாரண ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக மடியுங்கள், புத்தகம் போலத் திறந்து மூடும்படி. சார்ட் அட்டை வேண்டாம், அவ்வளவு தடிமனில் எண்ணெய் பூசினாலும் வெளிச்சம் வராது. தனித்தனித் தாள் இரண்டு எடுப்பவர்கள் உண்டு. மடித்த தாளில் ஒரு பக்கம் தானாகவே மூடியிருக்கும், நகராது. அதைவிட முக்கியம், பிள்ளைக்குப் புத்தகத்தை மூடத் தெரியும்.

பிரிவினை இப்படி. தாளின் வலப்பக்கத்தில் இலை வரும் இடத்தில் நீங்கள் நான்கு சின்னப் பொட்டு பசை வையுங்கள். பிள்ளை இலையை வைக்கட்டும். தலைகீழாக வைத்தாலும் விட்டுவிடுங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பிள்ளை விரலாலேயே பசை தடவச் செய்யுங்கள். விரலைப் பிடித்து ஓட்ட வேண்டாம், விரல் போகிற பக்கம் போகட்டும், விட்ட இடத்தை நீங்கள் நிரப்புங்கள். அப்புறம் புத்தகத்தை மூடி, உள்ளங்கையால் தட்டச் சொல்லுங்கள். இந்தத் தட்டல்தான் அவர்களுக்குப் பிடித்த கட்டம், காற்றுக்குமிழி வெளியேறுவதும் இதில்தான்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, தாள் முழுக்கப் பசை பூசுவது. நன்றாக ஒட்டட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பசை பட்ட இடத்தில் தாளின் நுண்துளைகள் மாவால் அடைந்துவிடும். பிறகு எண்ணெய் அங்கே இறங்காது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி போலாகி, அங்கே மட்டும் வெள்ளைத் திட்டு நிற்கும். இலையைவிட அந்தத் திட்டுதான் கண்ணில் படும்.

ஒட்டிய தாளை இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து ஒரு மணி நேரம் அரிசி டின்னுக்கு அடியில் வையுங்கள். நேரடியாகக் கொடியில் போட்டால் அலை அலையாக வளையும். பிறகு எடுத்துக் காயவிடுங்கள். பைன் காய் விரிந்த நாளென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் போதும், மஞ்சு இருந்தால் இரண்டு பகல்.

காயவைக்க நல்ல இடம் பிரிட்ஜின் மேற்பக்கத்துப் பின்பகுதி, அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். விறகடுப்பு வைத்திருக்கிற வீடென்றால் அடுப்புக்கு மேலே உள்ள பரண். கரியடுப்பை மட்டும் கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. குளிருக்கென்று கரியை உள்ளே வைத்துத் தூங்கி எழாமல் போனவர்கள் மலையில் உண்டு. ஒரு தாளைக் காயவைக்க அந்த ஆபத்து வேண்டாம்.

7. ஜன்னல் தாள்: எண்ணெய்

கன்னத்தில் வைத்துச் சில்லென்று இல்லையென்றால் மட்டும் இந்தப் படி. ஈரம் மிச்சமிருக்கும் தாளில் எண்ணெய் தடவினால் எண்ணெயும் இறங்காது, உள்ளே மாட்டிய ஈரமும் வெளியே வராது. ஒரு வாரத்தில் இலையைச் சுற்றிப் பச்சைப் பூசணம் தெரியும். மூன்று நாள் பிசுபிசுப்பு என்று வந்த தாள்களில் முக்கால்வாசி இப்படி அவசரப்பட்டவைதான். எண்ணெயை முதலில் தடவிவிட்டு இலையை ஒட்டப் பார்ப்பது இன்னொரு வகை. எண்ணெய்த் தாளில் மைதாப் பசை பிடிக்கவே பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் வீட்டுக்குள் இந்த மாதத்தில் அவ்வளவு சூடு வருவதே இல்லை, பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மற்ற நேரத்தில் எரிச்சலாக வருகிற இந்த விஷயம் இங்கே வசதி. உறைந்த எண்ணெயைச் சுண்டைக்காய் அளவு கிள்ளிப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். கையைத் தாளில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் மெல்ல உருகும், தேய்த்த இடத்தில் வெள்ளைத் தாள் கறுப்பது போலத் தெரியும். அப்போது தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டுங்கள். கறுத்த இடமெல்லாம் வெளிச்சமாகி, உள்ளே இலை தெரியும். தாளின் நார்களுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தில் எண்ணெய் போனதால், ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பார்த்ததும் தாளைக் கீழே இழுத்து மறுபடி தேய்ப்பார்கள், மறுபடி தூக்கச் சொல்வார்கள். ஐந்து தடவையாவது தூக்க வேண்டியிருக்கும். திரவ எண்ணெயை ஊற்றிக் கொடுத்தால் இந்த விளையாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், பாய் முழுக்கவும் வழியும்.

இரண்டு பக்கமும் தேய்த்த பிறகு, பிள்ளையை அனுப்பிவிட்டு நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். தாளின் மேலும் கீழும் எழுத்தில்லாத வெள்ளைத் தாளையோ பழைய வேட்டித் துண்டையோ வைத்து, மிதமான இஸ்திரிச் சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். எண்ணெய் சமமாகப் பரவும், மிகுந்தது துணிக்குப் போகும். இந்தப் படியை விட்டால் மறுநாள் குளிரில் எண்ணெய் மறுபடி உறைந்து, தாள் மேல் வெள்ளையாகப் படியும்.

செய்தித்தாள் வைக்காதீர்கள். முதல் வருடம் நான் வைத்தேன். எண்ணெய் அச்சு மையை உறிஞ்சிக்கொண்டது. அந்தத் தீபாவளி முழுக்க எங்கள் கூடத்து ஜன்னலில், சில்வர் ஓக் இலைக்குக் குறுக்கே, அன்றைய தங்க விலை இடவலமாகத் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைத்தான் படித்தார்கள்.

8. புள்ளி வைத்த அகல்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே அகல் சந்தைக்கு வந்துவிடும். பிள்ளை உள்ளங்கையைவிடப் பெரியதாக வாங்குங்கள். கார்த்திகைக்கு ஏற்றப்போகும் அகல் வேறு, இந்த அகல் வேறு, முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஏற்றும் அகலை எண்ணெய் குடிக்காமலிருக்கத் தண்ணீரில் ஊறவைப்போம். புள்ளி வைக்கப்போகும் அகலை ஊறவைக்கவே கூடாது. ஊறிய மண் இங்கே இரண்டு நாளானாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும், மேலே வைத்த மாவு ஏடு போல உரிந்து வந்துவிடும். வாங்கி வந்த அகலில் தூசியைத் துடைத்து ஒரு நாள் பிரிட்ஜ் மேல் வையுங்கள்.

வண்ணம், மாக்கோலத்துக்கு அரைக்கிற அதே அரிசி மாவு. ஊறவைத்து மைய அரைத்து, அதில் ஒரு கரண்டி மைதாப் பசை கலந்துகொள்ளுங்கள். பசை இல்லாவிட்டால் காய்ந்ததும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூள். பீட்ரூட் சாறு முதல் நாள் ஜோராக இருக்கும், வெயில் பட்டால் சில நாளில் பழுப்பாகிவிடும், தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வருமே என்று தோன்றும். வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், இந்த வயதுப் பிள்ளைகள் கையைக் கொண்டுபோகும் முதல் இடம் கண்தான்.

அகலைக் கவிழ்த்து வைத்துக் கொடுங்கள். நிமிர்த்திக் கொடுத்தால் மாவை உள்ளே ஊற்றிக் கலக்குவார்கள். கவிழ்ந்த அகல் ஒரு சின்னக் குன்று போலிருக்கும், விரலைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைப்பது இயல்பாக வரும். ஒரு புள்ளி மேல் இன்னொரு புள்ளியாக வைத்துக் குழப்பினால் விட்டுவிடுங்கள். கவிழ்த்தபடியே இரண்டு நாள் காயட்டும். இதில் திரி போட்டு ஏற்ற வேண்டாம். எண்ணெய் மண் வழியாகக் கசிந்து புள்ளிகளைத் தூக்கிவிடும். அலமாரியில் பார்வைக்கு வைக்கத்தான் இது.

9. மழை நாளுக்குப் பூவிதழ்த் தட்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செண்டுமல்லி வாங்கப் போகாதீர்கள், அந்த விலைக்கு வாங்கிப் பிள்ளையிடம் பிய்க்கக் கொடுக்க மனசு வராது. பூஜை முடிந்த மறுநாள் மாலையைக் கழற்றினாலே ஒரு கூடை பூ கிடைக்கும். நூலையும் ஜரிகையையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

பிய்ப்பதுதான் பிள்ளையின் வேலை. ஒரு தாம்பாளத்தில் விரல்கடை உயரத் தண்ணீர் விட்டு, பிய்த்த இதழ்களை அதில் மிதக்கவிடச் சொல்லுங்கள். நிறம் பிரித்து வட்டம் போடுவதெல்லாம் அக்காமார் வேலை, சின்னவர்கள் கொத்தாகப் போடுவார்கள். பசையில்லை, காயவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிள்ளையைத் தனியே விட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள். விளையாட்டு முடிந்த கையோடு கொட்டிவிடுங்கள்.

10. உப்பு மாவு பொம்மை ஏன் பட்டியலில் இல்லை

அடிக்கடி வரும் கேள்வி. மைதாவும் உப்பும் பிசைந்து செய்து காயவைக்கும் பொம்மை கீழே நன்றாக வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உங்கள் உப்பு ஜாடி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்தப் பொம்மையும் இருக்கும். அடுப்பில் வைத்து இறுக்கியதுகூட மஞ்சு இறங்கியதும் வியர்த்துத் தொய்ந்துபோகும். அத்தனை உப்பு பிள்ளை வயிற்றுக்குள் போனாலும் கெடுதல். பிசைந்து விளையாட வேண்டுமென்றால் சப்பாத்தி மாவை ஓர் உருண்டை கொடுங்கள், விளையாட்டு முடிந்ததும் எறிந்துவிடலாம்.

11. தொங்கவிடுவதும் கழற்றுவதும்

எண்ணெய்த் தாள் தீயை உடனே பிடிக்கும். விளக்கு, மத்தாப்பு, ஊதுபத்தி எதற்கும் பக்கத்தில் வேண்டாம். பின்னால் மெழுகுவத்தி வைத்தால் அழகாக இருக்குமே என்று கேட்காத ஆளில்லை. பகல் வெளிச்சம் போதும். காலையில் வெயில் விழும் கிழக்கு ஜன்னல் நல்லது, மஞ்சு வந்தால்கூட இலை மங்கலாகத் தெரியும்.

கண்ணாடியோடு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். இரவில் கண்ணாடி வியர்க்கும், தாள் அதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரல் இடைவெளி விட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மரச்சட்டத்தில் ஆணி அடித்து நூலில் கட்டுங்கள். நூலின் முனை கீழே தொங்கக் கூடாது. பசை வாசனைக்கு ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும், வாரம் ஒருமுறை விளிம்பைப் பாருங்கள்.

கார்த்திகை வரை தாங்கும். அதற்குள் எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும், அப்போது கழற்றிக் குப்பைக்குழியில் போடுங்கள். அடுப்பில் போட வேண்டாம், குபீரென்று எழும்பும். பைன் காயை மட்டும் கழற்றாதீர்கள். தை வரைக்கும் துணி காயப்போடலாமா என்று அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் முடிவாகிறது.